இருப்பு வேறு, வளம் வேறு: நித்தியகல்யாணியும் டுனாலியெல்லாவும்

வெப்பமண்டலத் தீவுத் தாவரங்கள், கடல் நுண்பாசிகள் குறித்த ஆய்வுகளில் பல, புதிய வேதிப்பொருள்களைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றன. ஓர் உயிரியில் பயனுள்ள பொருள் இருக்கிறது என்பதாலேயே அது வளமாகிவிடாது. எத்தனை கிலோவில் எத்தனை கிராம் கிடைக்கும், அதைப் பிரித்தெடுப்பது யார் என்ற கேள்விகளே அதைத் தீர்மானிக்கின்றன.

மடகாஸ்கர் தீவுக்கே உரிய நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கப்பட்ட செடி அது. ஜமைக்காவில் நீரிழிவுக்கு அதன் இலையைக் கஷாயமிட்டுக் குடிப்பதை அறிந்து, கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. 1958இல், அதற்குக் காரணமான வின்பிளாஸ்டின் அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த வின்கிரிஸ்டின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் இன்றியமையாத மருந்து.

ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர் இலை வேண்டும். காரணம் இலையின் அமைப்பிலேயே இருக்கிறது. மூலப்பொருள்களில் ஒன்றான கேதரந்தின் இலையின் மேற்பரப்பு மெழுகில் சேர்கிறது. மற்றொன்றான விண்டோலின் உள்ளே உயிரணுக்களில் தங்குகிறது. இரண்டும் இணைவது அரிது. 2022இல் ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் ஈஸ்டில் உருவாக்கி, வேதிமுறையில் இணைத்துக் காட்டிவிட்டார்கள். இம்முறை மலிவானால், செடியை வளர்க்கும் உழவரின் கையில் என்ன மிஞ்சும்? உயிரியின் பயனில் அதன் தாயகத்துக்கும் பங்கு வேண்டும் என்னும் உயிரியப் பன்முக உடன்படிக்கை 1992இல்தான் உருவானது. அதற்குள் மடகாஸ்கர் தன் பங்கை இழந்திருந்தது.

டுனாலியெல்லா சலைனா என்னும் நுண்பாசியின் கணக்கு நேரெதிர். அதன் உலர் எடையில் பத்து விழுக்காடுவரை பீட்டா கரோட்டின் சேரும். கெட்டியான செல்சுவர் இல்லாததால் பிரித்தெடுப்பதும் எளிது. கடும் உப்பைத் தாங்க அது கிளிசராலைத் தன்னுள் நிறைத்துக்கொள்கிறது. கொளுத்தும் வெயிலும் நைட்ரஜன் பற்றாக்குறையும் சேரும்போது கரோட்டின் கூடுகிறது, வளர்ச்சி குன்றுகிறது. ஆகவே முதலில் பெருக்கி, பிறகு வாட்டுவது பயனுள்ள வளர்ப்பு முறை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூனில் இப்பாசி வணிக அளவில் வளர்க்கப்படுகிறது.

வெயிலும் உப்பும் தூத்துக்குடிக்குப் புதியவை அல்ல. எனினும் உப்புப் பாத்தி சிவந்திருப்பதை மட்டும் வைத்துக் கரோட்டின் கணக்குப் போடக் கூடாது. உப்பை விரும்பும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிரிகளும் அந்நிறத்தைத் தரும். மாதிரியை எடுத்து அளந்துதான் சொல்ல வேண்டும்.

இரண்டில் முதலீட்டுக்கு முன்னுரிமை பெறவேண்டியது நுண்பாசியே என்பது என் முடிவு. நித்தியகல்யாணியைத் தென் மாவட்ட மானாவாரி நிலங்களில் தொடர்ந்து பயிரிடுவதானால், இலையின் எடைக்கு மட்டுமல்லாமல் அதிலுள்ள வின்பிளாஸ்டின் போன்ற ஆல்கலாய்டுகளின் அளவுக்கும் விலை கிடைக்க வேண்டும். ஆய்வாளர்கள் ஒவ்வொரு புதிய சேர்மத்துடனும், ஒரு கிலோ உலர் பொருளுக்கு அது எத்தனை கிராம் கிடைக்கிறது என்பதையும் கட்டாயம் குறிப்பிட வேண்டுகிறேன்.