களத்தில் ஒலித்த முரசு

முரசு என்றதும் தமிழராகிய நம் நெஞ்சில் புறநானூற்றுக் களங்கள் தோன்றும். கட்டிலில் ஏற்றி வழிபடப்பெற்ற கருவி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெப்போலியன் காலத்து ஐரோப்பியக் களங்களிலோ முரசு வழிபடு பொருளன்று; படையை இயக்கும் நாவாக விளங்கியது. அந்நாவை அசைத்தவர்களைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

அக்காலத் துப்பாக்கிகள் கரிமருந்தால் சுட்டன. சில முறை சுட்டதுமே புகை திரண்டு களத்தை மறைக்கும். பீரங்கி முழக்கத்தில் தளபதியின் குரல் அருகில் நிற்போர்க்கும் எட்டாது. அந்நிலையில் தலைவனின் எண்ணத்தை வீரனின் காலுக்குக் கொண்டு சேர்த்தது முரசே. துயிலெழவும், அணிவகுக்கவும், முன்னேறவும், பின்வாங்கவும் தனித்தனி முழக்கங்கள் இருந்தன. பிரெஞ்சுப் படையின் 1791ஆம் ஆண்டு விதிகளின்படி வழக்கமான நடை நிமிடத்திற்கு 76 எட்டு. விரைவு நடை 100. எதிரிமேல் பாயும்போது எழும் முழக்கம் இன்னும் விரைந்தது. அதனைக் களத்தில் கேட்ட ஆங்கில வீரர், 'பழைய காற்சட்டை' என்று பட்டப்பெயர் சூட்டி நகைத்தனர். அஞ்சத்தக்கதை நகைத்து ஆற்றிக்கொள்வது மனித இயல்பன்றோ!

முரசறைந்தோர் அனைவரும் சிறுவர் என்பது ஓவியங்கள் தந்த எண்ணம். சிறுவரும் இருந்தனர், ஆயினும் ஆங்கிலப் படையில் பலர் வளர்ந்த ஆடவரே. காயமுற்றோரைத் தூக்கிச் செல்வதும் அவர்கள் பணி. குற்றம் புரிந்த தோழனைச் சாட்டையால் அடிப்பதும் அவர்கள் கடமையே! தாளம் பழகிய கை தோழனின் முதுகையும் கிழிக்க வேண்டியிருந்தது. படைவீரர்க்குரிய அத்தண்டனை 1881இல்தான் நீங்கியது.

இந்திய மண்ணிலும் முரசுக்கு ஒரு துயரக் கதை உண்டு. ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தோர் தம் படையில் போர்வீரராகப் பணிபுரியலாகாது என்று கிழக்கிந்தியக் கும்பெனியார் 1795இல் ஆணையிட்டனர். முரசறைவோராகவும், குழலூதுவோராகவும், பிற வாத்தியக்காரராகவும், குதிரைக்கு லாடம் அடிப்போராகவும் மட்டும் அவர்கள் இருக்கலாம்! குண்டுமழையில் நிற்கத் தகுதி உண்டு. படைக்கலம் ஏந்தத் தகுதி இல்லை. பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நாம், 'நீ இவ்விடத்தான் அல்லன்' என்னும் அச்சொல்லின் கூர்மையை அறியாதவரல்லோம்.

முரசறைந்தோரை வரலாறு அடியோடு மறந்துவிடவில்லை என்பது ஓர் ஆறுதல். 1796 நவம்பரில் இத்தாலியின் ஆர்க்கோல் போரில், ஆந்த்ரே எத்தியேன் என்னும் 19 வயது இளைஞர் முரசோடு ஆற்றைக் கடந்து அக்கரையில் முழக்கினார். பின்புறமிருந்து பெரும்படை வருவதாக எண்ணி ஆஸ்திரியர் மருண்டனர் என்பர். பாரிஸ் நகரின் பாந்தியோன் மண்டபத்து முகப்பில், 1837இல் முற்றுப்பெற்ற சிற்பத் தொகுதியில் நெப்போலியனோடு ஒரு முரசறைவோனும் இடம்பெற்றுள்ளான். அது எத்தியேனின் உருவமே என்பர்.

ஒருவர்க்குக் கல்லில் இடம் கிடைத்தது. ஏனையோர்க்கோ பெயரும் எஞ்சவில்லை. வென்ற தளபதியரின் பெயர்களைப் படிக்கும்போதெல்லாம், அவர்தம் கட்டளையைக் காற்றில் ஏற்றிய அக்கைகளையும் நாம் நினைத்தல் தகும்.