தேசவழமை புதுக்கப்பட்ட வரலாறு

வட மாகாணத் தமிழரின் காணி பூமிகளுக்கும் கலியாண உரிமைகளுக்கும் உரிய தேசவழமைச் சட்டம், எழுத்துருப் பெற்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. ஆயினும், 1707ஆம் ஆண்டில் எழுதப்பட்டபடியே அது இன்று வழங்கவில்லை. சில விதிகளை அரசினர் நீக்கினர். சிலவற்றை நீதிமன்றங்கள் வரையறுத்தன. சில, கேட்பாரின்றித் தாமே மறைந்தன. ஒரு மாகாணத்தின் பழஞ்சட்டம் புதுக்கப்படும்போது எவருடைய குறை முதலிலே தீர்க்கப்படுகின்றது, எவருடைய குறை வாசலிலே காத்து நிற்கின்றது என்பதை இவ்வரலாற்றிலே காணலாம்.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். வழக்குத் தீர்க்க அமர்ந்தபோது அவர்களுக்கு ஓர் இடர் எதிர்ப்பட்டது. நாட்டு வழக்கம் என்று வாதி ஒன்றைச் சொல்வான். பிரதிவாதி வேறொன்றைச் சொல்வான். இரண்டையும் ஒத்துப் பார்க்க ஏடு ஒன்றும் இல்லை. ஆகவே, தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் அவ்வழக்கங்களைத் தொகுக்குமாறு யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரைப் பணித்தார். ஏறத்தாழ 37 ஆண்டுகள் இந்நாட்டு மக்களோடு பழகியவர் அவர். 1707ஆம் ஆண்டு தை மாதத்திலே தொகுப்பு நிறைவெய்தியது. யான் பிரூஸ் என்பவர் அதனைத் தமிழில் மொழிபெயர்க்க, முதலிமார் பன்னிருவர் படித்து, வழக்கத்தோடு ஒத்துள்ளதென உறுதி கூறினர்.

வணிகத்துக்கு வந்த ஒரு கும்பனி இவ்வளவு பொறுமையோடு மக்கள் வழக்கத்தைக் கேட்டெழுதியமை பாராட்டத்தக்கதே. ஆயினும், கேட்கப்பட்டவர் யாவர் என்பதையும் மறத்தலாகாது. பன்னிருவரும் ஆடவர், பதவியும் செல்வாக்கும் உடையவர். பெண் ஒருத்தியின் சொல்லோ, அடிமைப்பட்டோன் ஒருவனின் சொல்லோ அத்தொகுப்பிற் சான்றாக ஏறவில்லை.

அந்நூல் ஆதனத்தை மூவகைப்படுத்துகின்றது. முன்னோர் வழி வந்தது முதுசம். மகளுக்குக் கலியாணத்தின்போது கொடுப்பது சீதனம். கணவனும் மனைவியும் கூடி வாழ்ந்த காலத்திலே தேடியது தேடியதேட்டம். போர்த்துக்கேயர் காலத்திலே இவ்வழக்கங்கள் மாறுதல் அடைந்தன என்று அந்நூலே கூறுகின்றது. பழைமை என்று எழுதி வைத்ததே முன்னர் ஒருமுறை புதுக்கப்பட்ட பழைமைதான்.

காணி விற்பனை பற்றிய பகுதி சுவையானது. ஒருவன் தன் காணியைப் பிறனுக்கு விற்குமுன் உரித்தாளருக்கும், பங்காளிகளுக்கும், அதனை ஈடு பிடித்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவித்தல் வேண்டும். அவர்கள் வாங்க விரும்பினால் முதலுரிமை அவர்களுக்கே. அதே ஊரில் இருப்போருக்கு எட்டு நாள் தவணை. அதே கோவிற்பற்றின் வேற்றூராருக்கு அதனிலும் கூடிய தவணை. வேறு மாகாணத்தில் இருப்போருக்கு ஒரு மாதம். பிறநாடு சென்றோருக்கு ஓர் ஆண்டு. கால்நடையாகவும் தோணியிலும் செய்தி சென்ற காலத்துக்கு இது பொருந்திய கணக்கே. ஆனால், ஓராண்டு காத்திருந்து காணி விற்பதென்றால், கடன்பட்டவன் கதி யாது? ஆதலால், கொம்மாண்டர் புளோம் என்பவர் காலத்திலேயே இது மாற்றப்பட்டது. விற்பவன் தன் கோவிற்பற்றுத் தேவாலயத்திலே அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் விற்பனையை அறிவித்தாற் போதுமென ஆயிற்று. வீட்டிலே விபூதி பூசியவரும் காணிச் செய்தி கேட்க ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குச் செல்ல நேர்ந்த காலம் அது.

பிரித்தானியர் வந்தபின் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம் தேசவழமைக்கு முழுச் சட்ட வலுவை அளித்தது. யாழ்ப்பாண மாகாணத்து 'மலபார்' குடிகள், அதாவது தமிழர், தம்முள் கொள்ளும் வழக்குகளும், அவர்கள் பிரதிவாதிகளாக நிற்கும் வழக்குகளும் அதன்படியே தீர்க்கப்படலாயின. காணியையும் மாட்டையும் போல மனிதரையும் உடைமையாக எண்ணிய அடிமை விதிகளும் அதனோடு வலுப்பெற்றன. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் அடிமைத்தனத்தை ஒழித்தபோதுதான் அவ்விதிகள் உயிரற்றுப் போயின. எழுதிய நாளிலிருந்து அதற்கு 137 ஆண்டுகள் சென்றன.

வேறு சில விதிகளைக் காலமே தேய்த்தது. கலியாணம் ஆகாத மகன் உழைத்ததெல்லாம், அவன் அணிந்த பொன் வெள்ளி நகைகள் ஒழிய, குடும்பப் பொதுச் சொத்திலே சேர வேண்டுமென்பது பழைய விதி. இளைஞர் கொழும்புக்கும் மலாயாவுக்கும் உத்தியோகம் பார்க்கச் சென்று மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கியபின் அவ்விதி எவ்வாறு நிலைக்கும்? கொழும்பிலேயே நிலையாகக் குடியேறியவரைத் தேசவழமை தொடருமா என்ற வினாவும் எழுந்தது. அது தமிழர் எல்லாரையும் எங்கும் பற்றும் சட்டமன்று, அம்மாகாணக் குடிகளின் வழக்கமே என்று 1913இல் உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தினால் வந்தது. யாழ்ப்பாண விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம் அது. அது நடைமுறைக்கு வந்தபின் மணந்தோரையே பற்றியமையால், ஒரே வீட்டிலே தாய்க்கொரு சட்டமும் மகளுக்கொரு சட்டமும் வழங்கிய காலம் உண்டு. மனைவியின் ஆதனம் அவளுடைய தனி ஆதனமே எனவும், தேடியதேட்டம் இருவருக்கும் சமபங்கு எனவும் அது விதித்தது. மரணசாசனத்தினால் தன் ஆதனத்தை விரும்பியவருக்கு எழுதிவைக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. ஆனால், உயிரோடிருக்கையில் தன் வளவையோ வயலையோ விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவனுக்கு அத்தகைய கட்டு இல்லை. அவன் கைவிட்டுச் சென்றாலும், சித்தம் கலங்கினாலும், காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலும், அவள் மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்று அனுமதி கோரலாம். இறக்கும்போது எழுதிக் கொடுக்கத் தகுந்த அறிவுடையவள், இருக்கும்போது விற்கத் தகாதவளாவது எங்ஙனம் என்பதற்குச் சட்டத்திலே விடை இல்லை.

1923இல் இயற்றப்பட்ட விவாகமான பெண்களின் ஆதனச் சட்டம், கணவன் சம்மதமின்றித் தம் ஆதனத்தை ஆளும் உரிமையை இலங்கைப் பெண்களுக்கு அளித்தது. தேசவழமைக்குட்பட்ட வட மாகாணத் தமிழரை அச்சட்டம் விலக்கி வைத்தது.

1947இல் இரு திருத்தங்கள் வந்தன. 58ஆம் இலக்கச் சட்டம் தேடியதேட்டம் இன்னதென மீண்டும் வரையறுத்தது. தனி ஆதனத்தைக் கொடுத்து வாங்கியது தேடியதேட்டம் ஆகாதென்றது. இறந்தவரின் தேடியதேட்டப் பங்கிலே பாதி, உயிரோடிருக்கும் துணைவருக்குச் சேருமென்றும் விதித்தது. 59ஆம் இலக்கச் சட்டம் காணி வாங்கும் முதலுரிமையைப் பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் மட்டும் ஆக்கி, அயற்காணிக்காரரை நீக்கிவிட்டது. தேவாலய அறிவிப்பு முன்னரே மறைந்திருந்தது. இனி நொத்தாரிசு மூலம் அறிவித்தல் கொடுக்க வேண்டும். காணி வாங்குவோரின் சிக்கல் இவ்வாறு பெரிதும் குறைந்தது. மனைவி தன் காணியை விற்பதற்குக் கணவன் கையொப்பம் வேண்டுமென்ற 1911ஆம் ஆண்டு விதியை அவ்விரு சட்டங்களும் தொடவில்லை.