நின்றுகொண்டே குடித்த டீ

அமெரிக்காவில் இருக்கும் நண்பன் ஒருவன் போன வருடம் 'ரூட் 66' சாலையில் பத்து நாள் காரில் சுற்றினான். தினமும் ராத்திரி எனக்கு போட்டோ வரும். எல்லாம் பழைய காலத்து 'டைனர்'கள். பளபளவென்று எவர்சில்வர் சுவர், சிவப்பு மெத்தை வைத்த உயரமான நாற்காலிகள், நியான் எழுத்து, மூலையில் ஒரு ஜூக் பாக்ஸ். கடைசி நாள் ஒரு கேள்வியும் வந்தது. "நம்ம ஊர்ல இந்த மாதிரி எதையாவது விட்டு வச்சிருக்கோமாடா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் ஊர் திருச்சுழிப் பக்கம். மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாகத் தூத்துக்குடி போகும் பழைய ரோட்டில் எத்தனை டீக்கடை, எத்தனை புரோட்டாக் கடை! அவற்றில் மிச்சம் இருப்பதையெல்லாம் பார்த்து எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டேன். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அந்த ரோட்டில் எந்த வளைவில் என்ன மரம் நின்றது என்பது வரை அவருக்குத் தெரியும்.

முதலில் டைனர் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1872இல் பிராவிடன்ஸ் என்ற ஊரில் வால்டர் ஸ்காட் என்பவர், ராத்திரி ஷிப்ட் பார்க்கும் பத்திரிகை ஆபீஸ்காரர்களுக்காக ஒரு குதிரை வண்டியில் சாப்பாடு விற்க ஆரம்பித்தார். அதுதான் தொடக்கம். பிறகு நியூ ஜெர்சி பக்கத்துத் தொழிற்சாலைகளில் ரயில் பெட்டி போன்ற வடிவத்தில் முழுக் கடையையே செய்து, கொண்டுபோய் ரோட்டோரத்தில் இறக்கிவைத்தார்கள். 1926இல் ரூட் 66 வந்தது. கார் ஓட்டியவர்களும் லாரிக்காரர்களும் இந்தக் கடைகளை வாழவைத்தார்கள். 1956இல் பெரிய நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் வந்தது. புதிய சாலைகள் ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போயின, கடைகள் படுத்தன. 1985இல் ரூட் 66 அதிகாரபூர்வமாக நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் அதன்மேல் பாசம் பொங்கியது.

எங்கள் ரோட்டுக்கும் கிட்டத்தட்ட இதே ஜாதகம்தான். நான்கு வழிச் சாலை வந்தது. அது அருப்புக்கோட்டையை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சீமைக்கருவேலங் காட்டுக்குள் பாய்ந்து போகிறது. பழைய ரோட்டில் இப்போது டவுன் பஸ்ஸும் ஆட்டுக்கிடையும்தான்.

ஆனால் இந்தக் கரிசல் காட்டில் வழிப்போக்கனுக்குச் சோறு என்பது டீக்கடையோடு ஆரம்பித்த விஷயம் இல்லை. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதும் சத்திரம் கட்டியதும் இங்கே இன்றும் பேச்சில் இருக்கிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரமே நிற்கிறது. அதற்குப் பின்னால் 19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர்களின் பேட்டைகள். அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர், சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி என்று ஆறு ஊர்கள். மாட்டு வண்டிகளில் சரக்கு ஏற்றிப் போனவர்கள் ராத்திரி வண்டியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள, சுற்றுச்சுவர் வைத்த இடம்தான் பேட்டை. அதன் செலவுக்கு ஆளாளுக்கு மகமை கொடுத்தார்கள்.

சுவர் எதற்கு? திருடர் பயம் ஒன்று. ஊருக்குள் அன்றைக்கு அவர்களுக்கு இருந்த நிலைமை இன்னொன்று. பக்கத்துக் கமுதியில் 1897இல் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோவிலுக்குள் நுழைந்ததற்காக நாடார்கள் மேல் ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. ரோட்டில் வண்டி ஓட்டலாம், சரக்கு விற்கலாம், வரி கட்டலாம். உள்ளே வரக்கூடாது. இந்த வட்டாரத்தின் எந்த ரோட்டுக் கதையை எடுத்தாலும் கடைசியில் இந்த வாசற்படியில் வந்துதான் நிற்கிறது.

20ஆம் நூற்றாண்டில் காபி கிளப்புகள் வந்தன. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் ஓட்டலைக் 'கிளப்புக் கடை' என்றுதான் சொல்வார்கள். அங்கேயும் பலகை தொங்கியது. ரயில்வே உணவு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1941 வரை இருந்தது. சுதந்திரம் வந்து பத்து வருடம் கழித்து, 1957இல்கூட, ஓட்டல் பெயர்ப் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் மறியல் நடத்த வேண்டியிருந்தது.

பிறகு புரோட்டா. அமெரிக்கா 1954இல் பி.எல். 480 என்று ஒரு சட்டம் போட்டது. 1956இல் இந்தியா அதில் கையெழுத்திட, கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்கியது. புரோட்டா தமிழ்நாட்டில் பரவியதற்கு அது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அரிசிப் பஞ்ச காலத்தில் மைதா கைக்கு எட்டிய பொருளாக இருந்தது. விருதுநகர்க்காரர்கள் அதை வட்டமாகத் தட்டி, கல்லில் எண்ணெயை ஊற்றி மொறுமொறுவென்று பொரித்தெடுத்து 'எண்ணெய் புரோட்டா' ஆக்கினார்கள். பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றிக்கொண்டால், லாரிக்காரனுக்கு விடியும்வரை தாங்கும்.

இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டே போனவன்தான் நான். அருப்புக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால், பழைய ரோட்டில், நான் தேடிய கடை அப்படியே கிடைத்தது. ஓட்டுக் கூரை, புகையில் கறுத்த விட்டம், வழவழத்துப்போன மரப் பெஞ்சு, பித்தளை பாய்லர், கல்லாவுக்கு மேலே ரசம் போன கண்ணாடி. இதுதான்டா எங்க டைனர் என்று போட்டோவாக எடுத்துத் தள்ளினேன். திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். வெளியே வேப்ப மரத்தடியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்கப்பா, ஃபேன் ஓடுது."

"இருக்கட்டும்யா. நீ பாரு."

அவர் எப்போதும் அப்படித்தான். சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "டிரைவர் ஒக்காந்தா தூக்கம் வந்துரும்யா" என்பார். நானும் நம்பிவிட்டேன். இப்போது ஸ்டியரிங்கை விட்டே ஏழு வருடம் ஆகிறது. இன்னும் என்ன தூக்கம்?

காரில் ஏறியதும் கேட்டேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். அப்புறம் சொன்னார். "நான் கிளீனரா ஏறுனப்ப பதினஞ்சு வயசு. இந்தக் கடை இல்ல, அங்கிட்டு ஒண்ணு இருந்துச்சு, இப்ப இடிச்சுட்டாங்ய. நம்ம காலனி ஆளுக்குன்னு கூரைக்கு வெளிய கிளாசு சொருகி வச்சிருப்பாங்ய. நாமளே எடுத்து, குடிச்சு, கழுவி, திருப்பிச் சொருகிரணும். டிரைவர் அண்ணன் உள்ள ஒக்காந்திருப்பாரு. நான் டயரைத் தட்டிப் பாக்குற மாதிரி வெளியவே நின்னுக்குவேன்."

"வேற ஊர்லயும் அப்படித்தானாப்பா?"

"அங்கெல்லாம் நம்மள யாருக்குத் தெரியும்? பெங்களூர்ல கால் மேல கால் போட்டு ஒக்காந்து தின்னுருக்கேன். இந்த முப்பது மைலுக்குள்ளதான்யா மொகம் தெரியும். அதுக்காகத்தான் லாரிக்கே போனேன்."

அப்பா கிளீனராக ஏறியது 1973இல். கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு 1950இலேயே சொல்லிவிட்டது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் டெல்லியிலிருந்து புறப்பட்டுப் பதினெட்டு வருடம் ஆகியும் கூரைக்கு வெளியே சொருகியிருந்த அந்தக் கிளாஸ்வரை வந்து சேரவில்லை.

அன்று ராத்திரி நண்பனின் போட்டோக்களை மறுபடி பார்த்தேன். அந்தச் சிவப்பு நாற்காலிகளில் யாரெல்லாம் உட்கார முடிந்தது? விக்டர் ஹியூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர், கறுப்பின மக்கள் பயணத்தில் எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்று பட்டியல் போட்டு 1936 முதல் கையேடு வெளியிட்டார். ரூட் 66க்குப் புகழ் சேர்ந்த அதே வருடங்களில்தான் அந்தப் புத்தகமும் தேவைப்பட்டது. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. அவர்களும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் சிலர் வந்தார்கள். சில மாதங்களில் அந்த மேசை எல்லாருக்கும் திறந்தது. இன்று அந்தக் கட்டடம் ஒரு அருங்காட்சியகம்.

அவர்கள் நாற்காலியைப் பத்திரப்படுத்தும்போது, அதில் உட்காரக் கேட்டவர்களின் கதையையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ரோட்டில் கூரைக்கு வெளியே சொருகிய அந்தக் கிளாஸை யாரும் எடுத்து வைக்கவில்லை. நானும் பாய்லரையும் கண்ணாடியையும்தான் போட்டோ எடுத்து வந்திருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பும் முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நான்கு வழிச் சாலையில் ஏறியதும் புதிதாகக் கட்டிய ஒரு ஏசி ஓட்டல் வந்தது. எனக்கு அறவே பிடிக்காத வகை. பிளாஸ்டிக் பூச்செடி, கண்ணைக் குத்தும் விளக்கு, காபி நாற்பது ரூபாய். "இங்க நிப்பாட்டுய்யா" என்றார் அப்பா.

எனக்கு முன்னால் உள்ளே போய், நடு மேசையில், சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். காபி வந்தது. அவசரமே படாமல் ஆற்றி ஆற்றிக் குடித்தார். பில்லை அவரே கொடுத்தார். நான் போட்டோ எடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்து என் காபியைக் குடித்தேன்.