அரக்கோணத்து அல்பட்ராஸ்

ஒரகடத்தில் கியர்பாக்ஸ் பூட்டும் லைனில் வேலை பார்க்கிறேன். எந்த வண்டியைக் கண்டாலும் விசை எந்த வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது என்றுதான் மனம் தேடும். அப்படிப் பார்த்தால், நம் சுங்குவார்சத்திரத்துக்கு வடமேற்கே, அரக்கோணம் கடற்படைத் தளத்தில் இருந்த டியு-142எம் விமானத்துக்கு இணையாக இந்த வட்டாரத்தில் வேறொன்றைச் சொல்ல மாட்டேன்.

அது குண்டுவீச்சு விமானத்தின் வாரிசு. அணுகுண்டோடு கண்டம் தாண்டிப் போக சோவியத் நாடு செய்த டியு-95, 1952-இல் முதன்முதலில் பறந்தது. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றும் சுமார் 15,000 குதிரைத்திறன். எஞ்சினுக்கு இரண்டு ப்ரொப்பல்லர், முன்னும் பின்னுமாக. ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். ஒரே டர்பைனின் விசையை இப்படி எதிரெதிராகப் பிரித்துக் கொடுப்பது கியர்பாக்ஸ்தான். நான்கு எஞ்சினுக்கும் சேர்த்து 32 ப்ரொப்பல்லர் இறக்கைகள்!

அந்த உடம்பையே நீட்டி, நீர்மூழ்கி தேடும் வேலைக்கு மாற்றியது டியு-142. இந்தியா வாங்கிய எட்டும் 1988-இல் கோவாவில் ஐஎன்ஏஎஸ் 312 என்ற அணியாயின. அல்பட்ராஸ் என்பது அணியின் பெயர். 1992 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அரக்கோணம் தளமான ஐஎன்எஸ் ராஜாளியைத் தொடங்கி வைத்தார். அந்த ஆண்டே அணி இங்கே வந்தது. கடலில் ஒலி கேட்கும் மிதவைகளைப் போட்டுவிட்டு, நீருக்கடியில் ஓடும் எஞ்சின் சத்தத்துக்காக மணிக்கணக்கில் காது கொடுப்பதுதான் அன்றாட வேலை. டார்பிடோவும் ஆழ்வெடியும் வயிற்றில் இருக்கும்.

அந்தப் பெரிய விமானத்துக்கான நீண்ட ஓடுதளம் ஊருக்கும் உதவியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, பயணிகள் விமானங்கள் ராஜாளியில்தான் இறங்கி ஏறின.

2017 மார்ச் 29 அன்று டியு-142எம் ஓய்வு பெற்றது. 29 ஆண்டுகள், 30,000 மணி நேரம், ஒரு விபத்துகூட இல்லை. சோவியத் நாடே சிதறிப்போய், உதிரிபாகம் கிடைப்பது பெரும்பாடாக இருந்த காலத்தையும் தாண்டி இதைச் சாதித்தார்கள். விமானிகளின் பெருமை இது. அதே அளவு, ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்துப் பார்த்து முறுக்கிய தரைப் பணியாளர்களின் பெருமையும்கூட.

இன்று அந்த அணியிடம் பி-8ஐ விமானங்கள் இருக்கின்றன. பழையதில் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. நம் வட்டார ஐடிஐ ஆசிரியர்களே, மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள். பராமரிப்பு எவ்வளவு பெரிய தொழில் என்று அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.