தெரிந்துகொள்ளுதலும் இறைவன் பண்பும்: ஒல்லாந்து நாட்டுச் சமயப் பூசல் (1604–1619)

கி.பி. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்து நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையில் எழுந்த பூசல் ஐரோப்பியச் சமய வரலாற்றில் தனியிடம் பெறுவதாகும். இதனைப் பற்றி எழுதுவோர் பலர், கால்வின் நெறியினர் ஊழை வற்புறுத்தினர், ஆர்மினியஸ் நெறியினர் மாந்தர்தம் விருப்புரிமையை வற்புறுத்தினர் எனச் சுருங்கக் கூறி அமைவர். அக்கூற்று முற்றும் பொருந்துவதன்று. மாந்தர் வலிமை எவ்வளவினது என்பதினும், இறைவன் எத்தகையன் என்பதே இரு சாராரையும் பிரித்த தலையாய வினாவாகும். அதனை அவர்தம் ஆவணங்களைக் கொண்டே நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் கொள்கையின் தோற்றத்தை நோக்குவோம். ஜான் கால்வின் (1509–1564) தம் பெருநூலின் இறுதிப் பதிப்பை 1559-இல் வெளியிட்டார். இறைவன் சிலரை நிலைபேற்றிற்கும் சிலரை அழிவிற்கும் தன் திருவுளப்படியே முன்குறித்தான் என்பது அந்நூற் கொள்கை. இது கேட்போர்க்குக் கடுமையாகத் தோன்றினும், சமயத்தின் பொருட்டு நாடும் வீடும் இழந்தோர்க்கு ஆறுதல் அளித்தது. தம் மீட்பு தம்முடைய தளர்ந்த உள்ளத்தைப் பற்றி நில்லாமல், இறைவனின் மாறாத உறுதியைப் பற்றி நிற்கின்றது என்பதே அவ்வாறுதல்.

கால்வினுக்குப்பின் ஜெனீவாவில் தலைமை ஏற்ற தியோடர் பேசா (1519–1605) இக்கொள்கையை மேலும் இறுக்கினார். மாந்தரைப் படைத்தலும் அவர் வீழ்ச்சிக்கு இடமளித்தலும் ஆகிய தீர்மானங்களுக்கு முன்னரே, தெரிந்துகொள்ளுதலும் தள்ளுதலும் தீர்மானிக்கப்பட்டன என்றார். வேறு சிலர், வீழ்ச்சியுற்ற மாந்தரினின்றே இறைவன் சிலரைத் தெரிந்துகொண்டான் என்றனர். முன்னையோரை வீழ்ச்சிமுற் கொள்கையர் என்றும், பின்னையோரை வீழ்ச்சிப்பிற் கொள்கையர் என்றும் ஈண்டுக் குறிப்போம். இம்முன்பின் காலம் பற்றியதன்று; ஏரண முறை பற்றியது. படைக்கப்படுமுன்னரே ஒருவன் தள்ளப்பட்டான் எனின், பாவத்திற்கு முதல்வன் யார் என்னும் வினா எழுதல் இயல்பே.

அவ்வினாவை வெளிப்பட எழுப்பியவர் யாக்கோபு ஆர்மினியஸ். இவர் பேசாவிடமே பயின்றவர். 1588-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் போதகரானார். உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் 7, 9 ஆகிய அதிகாரங்களைப் பற்றி இவர் கொண்ட கருத்துகள் அங்கேயே ஐயத்திற்கு இடமாயின. 1603-இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இறையியற் பேராசிரியரானார். அங்கு முன்னரே பேராசிரியராயிருந்த கோமாரஸ் (1563–1641) வீழ்ச்சிமுற் கொள்கையில் உறுதி பூண்டவர். 1604-இல் இருவரும் முன்குறித்தலைப் பற்றி ஒருவர்க்கொருவர் மாறுபட்ட கருத்துரைகளை வெளியிடவே பூசல் நாடெங்கும் பரவலாயிற்று.

1608 அக்டோபர் 30-ஆம் நாள் ஆர்மினியஸ் ஒல்லாந்து மாகாண மன்றத்தார்முன் தம் கொள்கையை விரித்துரைத்தார். ஆங்கு அவர் வீழ்ச்சிமுற் கொள்கையை மறுக்கக் காட்டிய காரணங்களுள் இறைவன் பண்பு பற்றியவை முதன்மையானவை. அக்கொள்கை இறைவனின் ஞானத்திற்கும் நீதிக்கும் நன்மைக்கும் முரணானது. அவனையே பாவத்திற்கு முதல்வன் ஆக்குவது என்பது அவர் வாதம். அதற்கு மாறாக நான்கு தீர்மானங்களை வரிசைப்படுத்தினார். கிறித்துவை மீட்பராக நியமித்தல் முதலாவது. மனந்திரும்பி நம்புவோரை ஏற்றல் இரண்டாவது. நம்பிக்கைக்குப் போதிய துணைகளை அளித்தல் மூன்றாவது. இன்னார் நம்புவர், இன்னார் நம்பார் என்னும் முன்னறிவினால் தனிமாந்தரைப் பற்றி முடிவு செய்தல் நான்காவது. பேசா தனிமாந்தரை முன்வைக்க, ஆர்மினியஸ் கிறித்துவை முன்வைத்தமை கருதத்தக்கது.

அவர் 1609-இல் மறைந்தார். மறு ஆண்டில் நாற்பதின் மேற்பட்ட போதகர்கள் ஐந்து உறுப்புகள் கொண்ட முறையீடு ஒன்றை மாகாண மன்றத்திற்கு அளித்தனர். இதனை இயற்றுவதில் முன்னின்றவர் யூட்டன்போகார்ட் ஆவர். அதன் மூன்றாம் உறுப்பு, மாந்தன் கிருபையின்றித் தானாக எந்நன்மையும் செய்ய வல்லன் அல்லன் என்கின்றது. நான்காம் உறுப்பு, நன்மையின் தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் கிருபையே என ஒப்புக்கொண்டு, அக்கிருபை தடுக்க இயலாதது அன்று என்று மட்டுமே வேறுபடுகின்றது. மாந்தரின் இயலாமையில் இரு சாராரும் பெரிதும் ஒத்திருந்தனர் என்பது இதனாற் புலனாகும். கிறித்து எல்லார்க்காகவும் இறந்தார் என்னும் இரண்டாம் உறுப்பே இறைவனின் அன்பு எத்துணை அகன்றது என்னும் வினாவை நேரே எழுப்பியது.

எதிர்ச்சாரார் 1611-இல் மறுப்பு அளித்தனர். அவரும் இறைவனின் பெருமையையே காக்க முற்பட்டனர் என்பதை மறத்தல் கூடாது. மாந்தர் நம்புவதை முன்னறிந்து இறைவன் தெரிந்துகொள்வான் எனின், அவன் திருவுளம் மாந்தர் மறுமொழிக்குக் காத்து நிற்பதாகும். கிருபையும் கைம்மாறாகிவிடும் என அஞ்சினர்.

இதனுடன் அரசியலும் கலந்தது. மாகாணத் தலைவராய் விளங்கிய ஓல்டன்பார்னவெல்ட், ஸ்பெயினுடன் 1609-இல் பன்னீராண்டுப் போர் நிறுத்தம் செய்தவர். முறையீட்டாளர்க்குப் புகலாய் நின்றவர். படைத்தலைவராகிய மோரிஸ் இளவரசர் அப்போர் நிறுத்தத்தை எதிர்த்தவர்; 1617-இல் மறுசாரார் பக்கம் வெளிப்படச் சேர்ந்தார். 1618 ஆகஸ்டில் ஓல்டன்பார்னவெல்ட் சிறைப்பட்டார்.

அவ்வாண்டு நவம்பர் 13-ஆம் நாள் டார்ட் நகரில் திருச்சபைப் பேரவை கூடியது. பிரிட்டன், ஜெனீவா, பிரெமன் முதலிய இடங்களிலிருந்தும் அறிஞர் வந்தனர். முறையீட்டாளர் உறுப்பினராகவன்றி, விசாரிக்கப்படுவோராகவே அழைக்கப்பட்டனர். 1619 சனவரி 14-ஆம் நாள் தலைவர் போகர்மன் அவர்களை வெளியேற்றினார். பின்னர் அவர் நூல்களைக் கொண்டே தீர்ப்பு வரையப்பட்டது.

ஆயினும் அத்தீர்ப்பைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். கோமாரஸ் அவையில் இருந்தும், அவர்தம் வீழ்ச்சிமுற் கொள்கை ஏற்கப்படவில்லை. வீழ்ச்சியுற்ற மாந்தர் குலத்தினின்றே இறைவன் சிலரைத் தெரிந்துகொண்டான் என்றே பேரவை எழுதிற்று. கிறித்துவின் இறப்பு உலகனைத்தின் பாவத்திற்கும் போதிய மதிப்புடையது என்றும், அதன் மீட்கும் பயன் தெரிந்துகொள்ளப்பட்டோர்க்கே உரியது என்றும் வகுத்தது. பிரிட்டானியராகிய டாவனன்ட், பிரெமன் நகரத்தவராகிய மார்ட்டினியஸ் முதலியோர் இதனினும் அகன்ற பொருளை விழைந்தனர். நம்பிக்கைக்குத் தெரிந்துகொள்ளுதல் காரணமாதல் போன்றே நம்பாமைக்குத் தள்ளுதல் காரணமாகும் என்பது தம் கொள்கையன்று எனவும், இறைவனைப் பாவத்திற்கு முதல்வன் ஆக்குதல் தமக்கு உடன்பாடன்று எனவும் முடிவுரையில் பேரவை வெளிப்பட மறுத்தது. 1608-இல் ஆர்மினியஸ் எழுப்பிய வினாவிற்கு, அவரை மறுத்தோரே விடையிறுக்க வேண்டியவராயினர் என்க.

வினாவின் தகுதியை உணர்ந்தும், வினவியோர்க்கு இரக்கம் காட்டப்படவில்லை. 1619 மே 13-ஆம் நாள் எழுபத்தோராண்டு நிரம்பிய ஓல்டன்பார்னவெல்ட் தி ஹேக் நகரில் தலை வெட்டுண்டார். ஏறத்தாழ 200 போதகர்கள் பதவி நீக்கப்பட்டனர். பலர் நாடு கடத்தப்பட்டனர். 1625-இல் மோரிஸ் இறந்தபின் கெடுபிடி தளர்ந்தது. 1634-இல் ஆம்ஸ்டர்டாமில் அமைந்த முறையீட்டாளர் கல்லூரியில் எபிஸ்கோப்பியஸ் ஆசிரியரானார். அடுத்த நூற்றாண்டில், 1739-இல், ஜான் வெஸ்லி இலவசக் கிருபை பற்றிய தம் பிரசங்கத்தில் இவ்வினாவை இங்கிலாந்தில் மீண்டும் எழுப்பினார். அவர் நண்பர் ஒயிட்பீல்டு மறுமொழி வரைந்தார்.

இதுகாறும் கூறியவற்றால், கால்வின் நெறியினர் இறைவனின் முழுவுரிமையில் அவன் பெருமையைக் கண்டனர் என்பதும், ஆர்மினியஸ் நெறியினர் அவன் நடுநிலை நீதியில் அதனைக் கண்டனர் என்பதும் பெறப்படும். இரு சாராரும் போற்றியது ஒரே இறைவனையே. அவன் பண்பைக் காக்க எழுந்த சொற்போரை வாளால் முடிக்க முயன்றமையே அக்காலத்தின் குறையாகும். வாள் ஆட்களை அகற்றியது. வினாவை அகற்ற அதனால் இயலவில்லை.