அவசர சிகிச்சையில் முன்னறிவிப்பும் செவிலியரும் (விராலிமலை)

திருச்சி–மதுரை தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த விராலிமலையில் விபத்தில் படுகாயமடைபவருக்கு உயர் சிகிச்சை கிடைக்கும் இடங்கள், ஏறத்தாழ 30 கி.மீ. வடக்கே உள்ள திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும், 2017இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும். இந்தப் பயண நேரத்தை வீணாக்காமல் இருக்கவே, 108 ஆம்புலன்சிலிருந்து மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் தரும் முறை தமிழ்நாடு விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் இடம்பெற்றது. ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவுநிலை ஆகியவை முன்பே தெரிந்தால், சிவப்பு, மஞ்சள், பச்சை எனத் தரம்பிரிக்கும் செவிலியர் படுக்கையையும் ஆக்சிஜனையும் தயாராக வைத்திருக்கலாம். ஆகவே இத்தொழில்நுட்பத்தின் வெற்றி கருவியைவிட அதை ஏற்கும் செவிலியரையே அதிகம் சார்ந்தது.

இத்தகவலைப் பெறும் கைப்பேசி கவனத்தைச் சிதறடிக்கும், வேலையைக் கூட்டும் என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. ஒரே விவரத்தைக் கைப்பேசியிலும் பதிவேட்டிலும் இருமுறை எழுதச் சொன்னால் எந்தச் செவிலியரும் சலித்துத்தான் போவார். அதைப் பழமைப்பிடிப்பு என்பது அநீதி. ஆனால் அது கருவியைக் கைவிடுவதற்கான காரணமன்று, பதிவை ஒன்றாக்குவதற்கான காரணம். நோயாளியின் அந்தரங்கம் பற்றிய கவலை இன்னும் கனமானது. பொதுவான வாட்ஸ்அப் குழுவில் எக்ஸ்ரே படத்தைப் பகிர்வது வசதியானதே. எனினும் பெயரும் முகமும் அதில் கசியலாம். மேலும், கருவி எல்லாவற்றுக்கும் மாற்றன்று: மருந்தின் அளவைத் தொலைபேசியில் கேட்கும்போது திருப்பிச் சொல்லி உறுதிசெய்யும் பழைய வழக்கத்தை எந்தச் செயலியும் இன்னும் தேவையற்றதாக்கவில்லை.