வயிறு, மனசு, வரலாறு

'வயிறு கெட்டா மனசும் கெடும்' என்பாள் என் பெரியம்மா. மேனாம்பேட்டில் இதைச் சொல்ல யாருக்கும் மருத்துவப் படிப்பு தேவைப்பட்டதில்லை. ஆனால் மனசு சரியில்லாதவரைப் பார்த்து 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்று சிரிக்கவும் நமக்குத் தெரியும். 1871இல் அங்கே திறக்கப்பட்ட மனநோய் விடுதி ஓர் ஊர்ப்பெயரையே வசையாக்கிவிட்டது. மனசுக்கென்று தனி மதில் எழும்பியது.

மேலை மருத்துவமோ வயிற்றை மறந்துவிடவில்லை. 1910இல் லண்டன் பெத்லம் மருத்துவமனையில் ஜார்ஜ் போர்ட்டர் பிலிப்ஸ், மனச்சோர்வுற்ற 18 பேருக்குப் பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவைக் கொடுத்தார். 11 பேர் குணமானதாக எழுதினார். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் டிரென்டன் நகரில் ஹென்றி காட்டன், பைத்தியத்தின் வேர் மறைந்திருக்கும் கிருமித் தொற்றே என்று நோயாளிகளின் பல்லைப் பிடுங்கினார், பெருங்குடலை வெட்டினார். பலர் செத்துப்போனார்கள். கருத்து ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கையில் புளித்த பால், மறு கையில் கத்தி.

நம் கதை குன்னூரில் நடந்தது. அங்கே ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். சீக்கியர் உணவு முதலிடம், மதராஸியின் அரிசிச் சோறு கடைசி. தட்டை வைத்து இனங்களை அடுக்கும் காலனியச் சொல்லாடல் இது. ஆனால் அதே மெக்காரிசன் பிரிட்டிஷ் ஏழைகளின் வெள்ளை ரொட்டி, மார்கரின், டின் இறைச்சி, இனிப்புத் தேநீரையும் எலிகளுக்குக் கொடுத்தார். அவை பதற்றமுற்றன, கடித்தன, ஒன்றையொன்று தின்றன. எலிகள் அம்பலப்படுத்தியது இனத்தை அல்ல, வர்க்கத்தை.

2004இல் ஜப்பானில், குடல் நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகள் நெருக்கடியில் கூடுதலாகப் பதறின. 2017இல் ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வுற்ற 67 பேரிடம் 12 வாரச் சோதனை: உணவை மாற்றியவர்களில் மூன்றிலொருவர் தேறினார், துணைக்கு ஒருவரோடு பேசிப் பழக மட்டும் வாய்த்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர். சிறிய சோதனைதான். குடல் மனசைக் கெடுக்கிறதா, மனசு குடலைக் கெடுக்கிறதா என்பது இன்னும் தீரவில்லை. அதற்குள் பழைய சோறு தமிழ்ப் பெருமையாகிவிட்டது. மெக்காரிசனின் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினாலும் பட்டியல் பட்டியல்தானே?

எதிர்வீட்டு அக்கா தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட். டீயும் பன்னும்தான் ராச்சாப்பாடு. தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. கீரை, பயறு சேர்த்துக்கொள்ளச் சொன்னாராம் டாக்டர். அவள் என்னிடம் கேட்டாள்: 'ஆக்கித் திங்குற நேரத்தையும் சீட்டுல எழுதிக் குடுப்பாங்களா?'